சமுதாயக் கல்லூரி: பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் முதல் படி

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையின் வீட்டில் எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம் என்ற பேச்சு நடக்கும். மதிப்பெண் குறைந்த வீட்டிலும், ஒரு பாடத்தில் தவறிய பிள்ளையின் வீட்டிலும் அந்தப் பேச்சே எழுவதில்லை. பையன் என்றால் வலைக்குப் போகட்டும், இல்லாவிட்டால் மண்ணடியில் ஒரு கடையில் சேரட்டும் என்று முடிவாகிறது. பெண் என்றால் ஓலை பின்னிக்கொண்டு வீட்டோடு இருக்கட்டும் என்று முடிவாகிறது. இரண்டு நாள் பேச்சில் எடுக்கும் இந்த முடிவுதான் அந்தப் பிள்ளையின் வாழ்நாள் முழுவதையும் தீர்மானிக்கிறது.

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களின் பெற்றோருக்கும், நம் ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும் ஒரு செய்தியைச் சொல்லவே இதை எழுதுகிறோம். பெரிய கல்லூரியில், பெரிய செலவில், மூன்றாண்டுப் பட்டமாகத்தான் உயர்கல்வி தொடங்க வேண்டும் என்பதில்லை. ஊருக்கு அருகில், ஓராண்டுப் படிப்பாகவும் அதைத் தொடங்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: முதல் படியில் கால் வைக்கும்போதே இரண்டாம் படி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஏரியை மட்டும் நம்பியிருக்க முடியுமா?

பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. சிலிகா ஏரிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்குப் பகுதி திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் வருகிறது. ஒரு காலத்தில் இந்த ஊரின் பெயர் கடல் கடந்தும் வழங்கியது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டி, சோழமண்டலக் கரையின் துணி வணிகத்தை நடத்தினார்கள். மலாய் மக்கள் இன்றும் கட்டம் போட்ட கைலியை ‘காயின் பெலிக்காட்’ என்றே அழைக்கிறார்கள். பெலிக்காட் என்பது பழவேற்காடுதான்.

இன்றைய நிலை வேறு. கடல்நீர் ஏரிக்குள் வந்து போகும் முகத்துவாரம் அடிக்கடி தூர்ந்துவிடுகிறது. முகத்துவாரம் அடைபட்டால் இறால் வரத்து குறைகிறது, படகுகளும் கடலுக்குள் போக முடிவதில்லை. ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்ற பழைய ஏற்பாடு சில கிராமங்களில் இருக்கிறது. ஆனால் பாடு உரிமை எல்லாக் குடும்பங்களுக்கும் கிடையாது. அந்த உரிமை இல்லாத வீடுகளுக்கு நண்டும், கைவலையும், கூலியும்தான் மிச்சம். நம் பெண்கள் பனை ஓலையில் பின்னும் கூடைகளும் பெட்டிகளும் நல்ல பெயர் பெற்றவை. ஆனால் ஒரு குடும்பத்தைத் தாங்கும் அளவுக்கு அதில் வருமானம் இல்லை.

ஏரியின் தெற்கே பார்த்தால் வேறு காட்சி தெரிகிறது. எண்ணூரில் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், வடசென்னை அனல்மின் நிலையம், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை எல்லாம் ஒரு மணி, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. இவற்றால் ஏரிக்கும் மீனுக்கும் கேடு என்று நம் மக்கள் எழுப்பும் குரல் நியாயமானது. அது ஒரு பக்கம் இருக்க, அங்குள்ள வேலைகளில் நம் பிள்ளைகள் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. வெல்டர், ஃபிட்டர், கிரேன் இயக்குபவர், கிடங்குக் கணக்காளர் என்று எந்த வேலைக்குப் போனாலும் முதலில் கேட்பது சான்றிதழைத்தான். அது இல்லாதவருக்கு ஒப்பந்தக் கூலி வேலையே கிடைக்கிறது.

நாடளாவிய நிலையும் மகிழ்ச்சி தருவதாக இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் முஸ்லிம்கள் 14.2 சதவீதம். 2020-21ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் மாணவர்களில் முஸ்லிம்கள் 4.6 சதவீதமே. தமிழக முஸ்லிம்களின் நிலை வட மாநிலங்களைவிட மேல் என்பது உண்மை. அந்த ஆறுதல் மீனவக் கிராமங்கள் வரை வந்து சேரவில்லை.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன?

பெயரைக் கேட்டதும் இது நம் சமுதாயத்தவர் நடத்தும் கல்லூரி என்று எண்ணிவிட வேண்டாம். இங்கே சமுதாயம் என்பது அந்தக் கல்லூரி அமைந்துள்ள வட்டாரத்து மக்கள் அனைவரையும் குறிக்கும். அந்த வட்டாரத்தில் என்ன வேலை கிடைக்கிறதோ அதற்கேற்ற பாடத்தை, அந்த வட்டாரத்து மக்களுக்கே, குறைந்த செலவில் கற்றுத் தருவதுதான் இதன் நோக்கம்.

இந்த முறை அமெரிக்காவில் பிறந்தது. அங்கே இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-ல் முதல் அரசு இளநிலைக் கல்லூரி தொடங்கியது. உள்ளூர்க் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரலாம் என்பது அதன் அடிப்படை. வாடகை, விடுதி, உணவு என்ற செலவு இல்லாமல் பாதிப் பட்டத்தை வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். கலிபோர்னியா மாநிலம் 1960-ல் வகுத்த உயர்கல்வித் திட்டத்தில் இந்த வழியை முறைப்படி சேர்த்தது. எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று இரு கல்லூரிகளும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்ட இடங்களில்தான் இந்த வழி ஏழைப் பிள்ளைகளுக்கு முழுப் பயன் தருகிறது. அந்த ஏற்பாடு இல்லாத இடங்களில் பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

நம் பகுதியில் 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1996-ல், சென்னை மயிலை கத்தோலிக்க மறைமாவட்டம் சென்னையில் ஒன்றைத் தொடங்கியது. பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் இந்த முறையைத் தமிழகமெங்கும் கொண்டுசெல்ல உழைத்தார். பள்ளியை விட்டு நின்றவர்களையும் தேர்வில் தவறியவர்களையும் முன்வைத்தே இந்தப் பாடத்திட்டம் உருவானது. ஓராண்டில் பேச்சுத் திறன், வாழ்க்கைத் திறன், தொழிற்பாடம், ஒரு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி ஆகிய நான்கும் அதில் அடங்கும்.

2002-ல் உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்தகைய கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கி, தொழிற்பட்டயம் அளித்தது. இக்னோ 2009-ல் தொடங்கிய சமுதாயக் கல்லூரித் திட்டம் சில ஆண்டுகளில் நின்றுபோனது. அதன் பிறகு யு.ஜி.சி. தனியாக ஒரு திட்டம் கொண்டுவந்தது. இப்போது நடக்கும் கலைக் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரி அமைவது இதன் சிறப்பு. ஆறு மாதம் படித்தால் சான்றிதழ், ஓராண்டு படித்தால் பட்டயம், இரண்டாண்டு படித்தால் உயர்பட்டயம் என்று இதில் படிகள் உண்டு. இதனோடு இணைந்த பி.வோக். என்ற தொழிற்கல்விப் பட்டம் மூன்றாண்டுப் படிப்பு. அதிலும் முதலாண்டோடு நின்றால் பட்டயம், இரண்டாண்டோடு நின்றால் உயர்பட்டயம். பாடத்தில் சுமார் 60 சதவீதம் தொழில், 40 சதவீதம் பொதுப்பாடம்.

நம் குடும்பங்களுக்கு இதில் என்ன பயன்?

முதல் பயன், காலம். மூன்றாண்டுப் பட்டத்தில் இரண்டாம் ஆண்டில் குடும்பச் சூழ்நிலையால் நின்றுவிட்ட பிள்ளையின் கையில் ஒன்றும் இருக்காது. படிப்படியாக அமைந்த படிப்பில் ஓராண்டு முடித்து நின்றாலும் ஒரு பட்டயம் கையில் இருக்கும். தந்தை கடலுக்குப் போக முடியாமல் படுத்துவிட்டால் மூத்த மகன் படிப்பை நிறுத்துவது நம் கிராமங்களில் வழக்கமாக இருக்கிறது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு இது பெரிய பாதுகாப்பு.

இரண்டாவது, தூரம். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி சுமார் 20 கிலோமீட்டர். காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். பெண் பிள்ளையைச் சென்னை விடுதியில் விட மனம் வராத பெற்றோர், பொன்னேரிக்கு அனுப்ப மறுப்பதில்லை. ஓராண்டு அவள் போய் வந்து பழகிய பின், அதைவிடத் தொலைவில் படிக்க அனுப்புவதற்கான துணிவு வீட்டாருக்கும் வருகிறது.

மூன்றாவது, இரண்டாம் வாய்ப்பு. பள்ளியில் ஆங்கிலத்திலோ கணக்கிலோ தவறிய பிள்ளை தன்னை ‘மக்கு’ என்றே நம்பத் தொடங்கிவிடுகிறது. கையால் செய்யும் தொழில் ஒன்றில் அதே பிள்ளை முதலிடம் வருவதுண்டு. விடியற்காலையில் நீரோட்டம் பார்த்து வலை விடத் தெரிந்த பையனுக்கு இயந்திரமும் அளவையும் கற்பது கடினமல்ல. சொல்லித் தரும் முறைதான் மாற வேண்டும்.

ஏமாந்துவிடக் கூடாத இடங்கள்

இனி வருவதைப் பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். பட்டயம் என்ற ஒரே சொல் பல தரமான படிப்புகளுக்கு வழங்குகிறது. பாலிடெக்னிக்கின் மூன்றாண்டுப் பட்டயம் முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். சமுதாயக் கல்லூரியின் ஓராண்டுத் தொழிற்பட்டயத்துக்கு அந்த உரிமை கிடையாது. இரண்டையும் ஒன்றென்று எண்ணிச் சேர்ந்தால் பிறகு வருந்த நேரிடும்.

செவிலியர் விஷயத்தில் நம் பெண் பிள்ளைகள் பலர் ஏமாறுகிறார்கள். ஓராண்டு ‘நர்சிங் உதவியாளர்’ படிப்பு முடித்தவர் மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்யலாம். செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு பெற்ற செவிலியராக வேண்டுமானால் கவுன்சில் அங்கீகரித்த ஏ.என்.எம்., ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் படிப்பு வேண்டும். மழலையர் பள்ளி ஆசிரியர் பயிற்சியும் இப்படித்தான். அதை வைத்து அரசுப் பள்ளி ஆசிரியர் ஆக முடியாது. உதவியாளர் வேலையில் குறை ஒன்றுமில்லை. எதற்குச் சேர்கிறோம் என்று தெரிந்து சேர்வதே முக்கியம்.

அரசு வேலை எண்ணம் உள்ளவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லும் என்று தமிழக அரசு 2009-ல் ஆணை பிறப்பித்தது. எனவே பள்ளித் தேர்வை விட்டுவிட்டுக் குறுக்கு வழியில் பட்டம் வாங்குவது பயன் தராது. தவறிய பாடத்தைத் துணைத் தேர்விலோ தனித்தேர்வராகவோ எழுதித் தேர்ச்சி பெறுவதுதான் முதல் வேலை. பட்டயப் படிப்பு அதற்கு மாற்று அல்ல. இரண்டையும் ஒரே ஆண்டில் செய்ய முடியும்.

உதவித்தொகையிலும் வேறுபாடு உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இது 2022-ல் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. பட்டம், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எல்லாவற்றுக்கும் இவை பொருந்தும். தொலைநிலைக் கல்வி, திறந்தநிலைக் கல்வி மாணவர்களுக்குப் பொருந்தாது. சேர்வதற்கு முன் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

வெளிநாட்டு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், சான்றிதழை மாநில அரசும் வெளியுறவு அமைச்சகமும் அத்தாட்சி செய்ய வேண்டியிருக்கும். அங்கீகாரம் இல்லாத நிறுவனத்தின் சான்றிதழ் அந்த இடத்தில் செல்லாமல் போகும்.

பழவேற்காட்டிலிருந்து செல்லும் பாதைகள்

பத்தாம் வகுப்பில் தவறியவர்கள்: துணைத் தேர்வுக்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும். கூடவே ஓராண்டுத் தொழிற்பட்டயம் படிக்கலாம். தேர்ச்சி பெற்றதும் ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் திறந்திருக்கிறது.

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள்: இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டு. சமுதாயக் கல்லூரியின் அதே தத்துவம்தான் இது, ஆனால் படிகள் உறுதியாக இணைந்தவை. பெண்களுக்குச் சென்னை தரமணியில் தர்மாம்பாள் அரசு மகளிர் பாலிடெக்னிக் இருக்கிறது.

கடல் தொழிலில் நாட்டமுள்ள பையன்களுக்கு ராயபுரத்தில் உள்ள சிஃப்நெட் நிறுவனத்தைக் குறிப்பிட்டுச் சொல்கிறோம். மத்திய அரசின் இந்தப் பயிற்சி நிறுவனத்துக்குத் தலைமையிடம் கொச்சி, சென்னையில் கிளை இருக்கிறது. கப்பல் செலுத்தும் பயிற்சி, கப்பல் இயந்திரப் பயிற்சி என்ற இரண்டு படிப்புகள் இங்கே உண்டு. ஒவ்வொன்றும் இரண்டாண்டு. பத்தாம் வகுப்பில் கணிதத்திலும் அறிவியலிலும் தலா 40 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், நுழைவுத் தேர்வும் வயது வரம்பும் உண்டு. பயிற்சிக்குப் பின் கடலில் குறிப்பிட்ட காலம் வேலை செய்து, தேர்வு எழுதி மேட், ஸ்கிப்பர் என்று உயரலாம். தந்தையின் தொழிலையே சான்றிதழோடு செய்ய இது நேர்வழி.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள்: பொன்னேரியில் 1965-ல் தொடங்கிய உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் மிகக் குறைவு. அதே பொன்னேரியில் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மீன்வளக் கல்லூரியும் உள்ளது. அங்கே நான்காண்டு பி.எஃப்.எஸ்சி. பட்டம் படிக்கலாம், மீனவர் குடும்பப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. அதற்குப் பதினொன்றாம் வகுப்பிலேயே உயிரியல் பாடத்தை எடுத்திருக்க வேண்டும். ஏரிக்கரைப் பிள்ளைகள் பலர் இதை அறியாமல் வேறு பிரிவு எடுத்து வாய்ப்பை இழக்கிறார்கள். இதே பல்கலைக்கழகம் சென்னை மாதவரத்தில் மீன் பதப்படுத்துதல் போன்ற துறைகளில் பி.வோக். பட்டமும் நடத்துகிறது.

திருமணமான பெண்கள், வேலைக்குப் போகிறவர்கள்: வயது கடந்துவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. திறந்தநிலைக் கல்வியும் ஓராண்டுத் தொழிற்பட்டயமும் இவர்களை மனதில் வைத்தே உருவானவை. ஓலைப் பின்னல் செய்யும் பெண் கணக்குப் பதிவும், கணினியும், வடிவமைப்பும் கற்றால் இடைத்தரகர் இல்லாமல் தன் பொருளைத் தானே விற்க முடியும்.

எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்ற சாதிச் சான்றிதழை இ-சேவை மையம் மூலம் பெற்று வைப்பது. 2007 முதல் தமிழகத்தில் நமக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த இடம் கைக்கு எட்டாது. கலந்தாய்வுக்கு முதல் நாள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடுவதைவிட, பள்ளி விடுமுறையிலேயே வாங்கி வைப்பது நல்லது.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. சான்றிதழில் கையெழுத்திடும் பல்கலைக்கழகம் அல்லது அரசுத் துறை எது? இந்த ஆண்டுக்கான அங்கீகாரக் கடிதத்தைக் காட்ட முடியுமா?

2. இதை முடித்தால் அடுத்து எந்தப் படிப்பில், எந்த ஆண்டில் சேரலாம்? அப்படிச் சேர்ந்த பழைய மாணவர்கள் இருக்கிறார்களா?

3. நேரடிப் பயிற்சி எந்த நிறுவனத்தில், எத்தனை வாரம்?

4. மொத்தக் கட்டணம் எவ்வளவு? தேர்வுக் கட்டணம், சீருடை, பயிற்சிப் பொருள் எல்லாம் சேர்த்துச் சொல்லப்பட்டதா?

5. இடையில் நின்றால் மூலச் சான்றிதழ்களைத் திருப்பித் தருவார்களா?

இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில், வேலைக்காக மட்டும் படிக்கிறோம் என்று தெரிந்தே சேரலாம். உயர்கல்வியின் முதல் படி என்று நம்பிச் சேரக் கூடாது.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

கல்லூரி கட்டினால்தான் கல்விச் சேவை என்பதில்லை. தேர்வு முடிவு வந்த வாரத்தில் மஹல்லாவில் எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள், எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள், எங்கே சேர்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எங்கும் சேராத பிள்ளையின் வீட்டுக்கு இருவர் சென்று பேச வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவரைப் பள்ளிவாசல் வளாகத்தில் சில நாள் மாலை உட்கார வைக்கலாம். விண்ணப்பக் கட்டணத்துக்கும் முதல் பருவக் கட்டணத்துக்கும் தடுமாறும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஜகாத், சதக்கா நிதியிலிருந்து உதவலாம். பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு இதைச் செய்தால், ஒரே பேருந்தில் பத்துப் பேராகப் போய் வருவார்கள். பெண் பிள்ளைகளின் பயணப் பயமும் அதில் தீரும்.

படித்தவன் எல்லாம் ஏரியை விட்டு ஓட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஏரியைக் காக்கும் போராட்டத்துக்கும் ஆய்வறிக்கையைப் படித்துப் பதில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் தேவை. இந்த ஆண்டு தேர்வு எழுதும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், முடிவு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே பொன்னேரிக்கு ஒரு நாள் அழைத்துச் செல்லுங்கள். கல்லூரி வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு அது அந்நிய இடமாக இருக்காது. இன்ஷா அல்லாஹ், அடுத்த படியை அந்தப் பிள்ளையே தேடிக்கொள்ளும்.